இரண்டு கவாத்து, ஒரு வெட்டு

ஒயின் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறுவது வழக்கமில்லை. நாங்கள் நாசிக்கில் ஏறினோம். ஒயின் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கும், பறவை பொறுக்காது என்று நண்பர் சொல்லிவிட்டார். மூன்று தலைமுறையாக மும்பை மாட்டுங்காவில் வேரூன்றிய குடும்பம் அவருடையது. மதுவைத் தொட்டதில்லை. நாசிக்கைச் சுற்றிப் பார்க்க அவரைவிடப் பொருத்தமான வழிகாட்டி கிடைக்கமாட்டார் என்பது மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

மும்பையிலிருந்து நாசிக் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கசாரா கணவாயில் சாலை வளைந்து ஏறி இகத்புரியைத் தொட்டதும் கொங்கணக் கடற்கரையின் பிசுபிசுப்பு விட்டுப்போகிறது. ரயிலில் வந்தால் கசாராவில் பின்னாலிருந்து தள்ளுவதற்குத் தனி எஞ்சின் சேர்ப்பதைப் பார்க்கலாம். மேலே வந்துவிட்டால் தக்காணப் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம், கரிசல் மண், தலை மட்டமாகச் சீவிய எரிமலைப் பாறைக் குன்றுகள். பகலில் வெயில் அடிக்கும், இரவில் குளிர் இறங்கும். திராட்சைக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிக்கும். பகல் வெயிலில் சர்க்கரை சேரும். குளிர்ந்த இரவில் புளிப்பு கரையாமல் தங்கும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும்.

ஜனவரி கடைசி. நாசிக்கிலிருந்து கிழக்கே நிபாட் போகும் சாலையில் இருள் பிரிவதற்கு முன்பே தோட்டங்களுக்குள் ஆங்காங்கே தீ எரிவது தெரிந்தது. முதலில் யாரோ குளிர் காய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வண்டி ஓட்டியவர் சிரித்தார். “ஆளுக்கு இல்லை சாஹேப், திராட்சைக்கு.” மகாராஷ்டிரத்தின் குளிர்ச் செய்திகளில் அடிக்கடி வரும் ஊர் நிபாட். குளிர் அலை வீசும் நாட்களில் 5 டிகிரிக்கும் கீழே போகும். அப்போது காய் விம்முவது நின்றுவிடும், தோல் வெடிக்கும். அதனால் கொடி வரிசைகளுக்கு நடுவே விறகும் சருகும் போட்டுப் புகை மூட்டுகிறார்கள். காலைப் பனியோடு அந்தப் புகையும் சேர்ந்து தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

நாந்தூர் மத்மேஷ்வர் நாசிக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோதாவரியும் காத்வா ஆறும் கூடும் இடத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசனத்துக்காக ஒரு கல் அணையைக் கட்டினார்கள். அணையின் நோக்கம் நீரைத் தேக்குவது. ஆறு தேக்கியது வண்டலை. ஆண்டுக்கு ஆண்டு மண் படிந்து ஆழம் குறைந்து, திட்டுகளும் நாணலும் சேற்றுப் பரப்புமாக ஆனது. பொறியாளர் கணக்கில் இது நஷ்டம். வாத்துக்கும் நாரைக்கும் அதுவே வீடு. 1986-இல் பறவைகள் சரணாலயமானது. 2020-இல் மகாராஷ்டிரத்தின் முதல் ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

கண்காணிப்புக் கோபுரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நீரின் மேல் பனி விலக விலக ஒவ்வொரு கூட்டமாகத் தெரிந்தது. நாமக்கோழிகள் எண்ணிக்கையில்லாமல் மிதந்தன. கரையோரச் சேற்றில் நீலத் தாழைக்கோழிகள் நீண்ட விரல்களை ஊன்றி நடந்தன. கரண்டிவாயன்கள் அலகை இடதும் வலதுமாக வீசிக்கொண்டே போயின. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்குச் சற்று மேலே வந்ததும் அத்தனை வாத்தும் ஒரே சமயத்தில் எழும்பி, வட்டமடித்து, மறுபடி இறங்கின. நண்பர் தொலைநோக்கியை என் கையில் கொடுத்துத் தூரத்துத் திட்டைக் காட்டினார். வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வருகிறவை. திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில் இதே வாத்தைப் பார்த்தவர்களுக்குப் பழைய ஊர்க்காரரைச் சந்தித்த மகிழ்ச்சி வரும்.

பூநாரை வருமா என்று கேட்டேன். வரும், ஆனால் சொல்லிவிட்டு வராது என்றார். அன்று வரவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறி, நீர் பளபளத்து, பார்ப்பது சிரமமாகிவிட்டது.

திரும்பும் வழியில் நிபாட் தாண்டி ஒரு தோட்டத்து வாசலில் நண்பர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கொத்து ஒவ்வொன்றுக்கும் மராத்திச் செய்தித்தாள் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தாமஸன் சீட்லெஸ் திராட்சை வெயில் நேரடியாகப் பட்டாலும் குளிர் அதிகமானாலும் இளஞ்சிவப்பாக நிறம் மாறிவிடும், ஏற்றுமதிக்கு எடுக்கமாட்டார்கள். அதற்குத்தான் இந்தச் சட்டை. அரசியல், கிரிக்கெட், திருமண விளம்பரம் என்று பந்தி பந்தியாகத் தொங்கியது. நண்பர் ஒரு கொத்தை நின்று வாசித்தார்.

தோட்டத்துக்காரர் அறுபதைத் தாண்டியவர், வெள்ளைக் குல்லா. “யா, பஸா” என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். நண்பர் “காகா” என்று ஆரம்பித்தால் மராத்தியில் எந்தக் கதவும் திறக்கும்போலிருக்கிறது. தேநீர் வந்தது. நாங்கள் ஒயின் பார்க்க வந்தவர்கள் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் லேசான கேலி. “அது கொஞ்சம் பேர் செய்வது. இந்த மாவட்டம் சாப்பிடுகிற திராட்சையில் நிற்கிறது” என்றார். உண்மைதான். ஒயின் தலைநகர் என்ற பட்டம் நாசிக்குக்கு இருந்தாலும், மாவட்டத்தின் திராட்சைப் பரப்பில் ஒயின் ரகங்கள் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் உண்ணும் திராட்சை, ஐரோப்பாவுக்குக் கப்பலேறுவதும் அதில்தான் சேர்த்தி.

அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். குளிர்நாட்டுத் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் கண் விழித்து, கோடையில் காய்த்து, இலையுதிர் காலத்தில் பழுக்கும். நாசிக் குளிர் காயை வெடிக்க வைக்கும், கொடியைத் தூங்க வைக்காது. விட்டுவிட்டால் அது பாட்டுக்குத் தழைத்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காகக் காய்க்காது, காய்த்தாலும் மழைக்காலத்தில் மாட்டி அழுகும். எனவே இங்கே காலத்தை மனிதர்கள் கத்தரிக்கோலால் செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் முதல் கவாத்து. ஒட்ட நறுக்கி, ஓரிரு கண் மட்டும் விடுவார்கள். இதிலிருந்து வரும் தளிர் காய்க்க அல்ல. கோடை வெயிலில் முற்றி, அடுத்த பருவத்துக்கான பூமொட்டைத் தன் கண்ணுக்குள் உருவாக்கி வைப்பதுதான் அதன் வேலை. மழையெல்லாம் இலைக்கும் குச்சிக்கும் போகும். பிறகு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. இம்முறை நீளமாக விட்டு வெட்டி, எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் விழிக்க வேண்டும் என்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைத் துணியால் தடவுவார்கள். குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையை இந்த மருந்து செய்கிறது. பூ விட்டு, காய் பிடித்து, மழையில்லாத ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்களில் பழுக்கும். தேதியை மட்டும் பார்த்தால் நாசிக் ஆஸ்திரேலியாவோடு சேரும். இருப்பதென்னவோ பூமத்திய ரேகைக்கு வடக்கே.

உண்ணும் திராட்சைக்கு இதோடு வேலை முடிவதில்லை. தாமஸனின் இயல்பான காய் சிறியது. ஜிப்பெரலிக் அமிலம் கலந்த நீரில் கொத்துக் கொத்தாக முக்கி எடுத்துப் பெரிதாக்குகிறார்கள். நெருக்கமான காய்களைச் சிறு கத்தரியால் கழித்து விடுகிறார்கள். பெண்கள் கழுத்தை அண்ணாந்துகொண்டு நாள் முழுக்கச் செய்யும் வேலை. கவாத்துக் காலத்தில் பேட், சுர்கானா பக்கத்து ஆதிவாசிக் கிராமங்களிலிருந்து ஆட்கள் குடும்பமாக வந்து தங்குவார்கள். நாம் கடையில் கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்கும் பழத்தில் இவ்வளவு கைகள் பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் உங்களுக்குத் திராட்சை உண்டா என்று அவர் கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொன்னேன். பன்னீர் திராட்சை, பந்தல், கறுப்புப் பழம், விதை உண்டு, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். கடைசிச் செய்தி அவரை உண்மையாகவே அசைத்துவிட்டது. “எங்களுக்கு இரண்டு கவாத்து, ஒரு வெட்டு. அதையும் மழை பறித்துக்கொள்ளும்” என்றார். 2014 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் பெய்த ஆலங்கட்டி மழையை நண்பர் நினைவுபடுத்தியதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

பிம்பள்காவ் பஸ்வந்த் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தோம். சாலையோரம் முழுக்கத் திராட்சைக் கூடைகள். ஓஜர் வந்தபோது, சுகோய் போர் விமானங்களை உருவாக்கிய ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையின் நீண்ட மதில். வெங்காயம், திராட்சை, போர் விமானம்: நாசிக் மாவட்டத்துக்கு இந்தச் சேர்க்கை விசித்திரமாகத் தோன்றுவதே இல்லை.

பதினோரு மணிக்கு மிசல். முளைகட்டிய நரிப்பயறு, அதன்மேல் மிளகாய் எண்ணெய் மிதக்கும் கருமசாலா ரசா, மொறுமொறு ஃபர்ஸான், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை, பாவ். பக்கத்தில் அப்பளம், தயிர், ஜிலேபி. காரம் கண்ணில் நீர் வரவழைக்கும்போது ஜிலேபியைக் கடிக்க வேண்டும். மும்பை மிசலையும் புணே மிசலையும் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நாசிக் மிசலுக்குத்தான் என் வாக்கு.

வெயில் கடுக்கும் முன் பாண்டவ்லேணி ஏறிவிடலாம் என்று நண்பர் அவசரப்படுத்தினார். நகருக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய திரிரஷ்மி குன்றில் குடைந்த 24 பௌத்தக் குகைகள். பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய கற்கட்டடம் எதைப் பார்த்தாலும் பாண்டவர் பெயரை வைத்துவிடும் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. அடிவாரத்தில் தாதாசாகேப் பால்கே நினைவிடம். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்தவர் பிறந்தது பக்கத்தில் இருக்கும் திரிம்பகத்தில்தான்.

குகைகளின் பெருமை கல்வெட்டுகளில் இருக்கிறது. பத்தாவது குகையைக் கொடுத்தவன் மேற்குச் சத்திரப மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன். துறவிகளின் ஆடைக்கும் மற்றச் செலவுக்குமாக அவன் 3,000 கார்ஷாபணக் காசுகளை நெசவாளர் சங்கங்களில் முதலீடு செய்தான். ஒரு சங்கத்தில் 2,000, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொன்றில் 1,000, வட்டி முக்கால். முதலை எடுக்கக் கூடாது, வட்டியை மட்டும் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய வைப்புநிதி ரசீது அது. நண்பர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சுவரை விட்டு நகர மறுத்தார்.

சில குகைகள் தள்ளி, மூன்றாவது குகையில், நகபானனை வென்ற சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் புகழை அவன் தாய் கௌதமி பலஸ்ரீ பொறித்து வைத்திருக்கிறாள். தோற்றவன் குடும்பமும் வென்றவன் குடும்பமும் ஒரே குன்றில், ஒரே துறவிகளுக்கு. 1906-இல் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஜோகல்தேம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எல்லாம் நகபானன் காசு. அவற்றில் பெரும்பகுதியின் மேல் சாதகர்ணி தன் முத்திரையை அடித்திருந்தான். வெற்றியை அறிவிக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

பதினேழாவது குகை ஒரு யவனனின் கொடை. வடக்கே தத்தாமித்திரியிலிருந்து வந்த இந்திராக்னிதத்தன். யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா ஒயின் ஜாடிகள் தோண்டக் கிடைத்தன. சாதவாகனர் காலத்தில் நாசிக்கும் அந்த வணிகப் பாதைகளோடு தொடர்புடைய ஊர்தான். திராட்சை ஒயின் நமக்குப் புதிதல்ல. அதை இங்கேயே செய்யத் தொடங்கியதுதான் புதிது.

அந்தக் கதை குறுகியது. ஸ்டான்ஃபோர்டில் படித்து, அமெரிக்காவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த், 1990-களில் வேலையை விட்டு நாசிக்கில் குடும்ப நிலத்துக்கு வந்தார். மாம்பழம், ரோஜா என்று முயன்று பார்த்துவிட்டு ஒயின் திராட்சைக்கு மாறினார். கலிஃபோர்னிய ஒயின் நிபுணர் கெர்ரி டாம்ஸ்கி துணைக்கு வந்தார். தாய் சுலபாவின் பெயரிலிருந்து உருவான ‘சுலா’ 2000-இல் முதல் ஒயினை வெளியிட்டது. 2001-இல் மாநில அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று கொள்கை அறிவித்து வரிச் சலுகை கொடுத்ததும், ஒயினரிகள் வரிசையாக முளைத்தன. பிறகு ஒரு சறுக்கல். 2008-க்குப் பின் வந்த மந்தத்தில் ஒயின் தேங்கி, ஒப்பந்த விவசாயிகள் பலர் கொடியைப் பிடுங்கி உண்ணும் ரகத்துக்கே திரும்பினார்கள். நிபாட் பெரியவரின் கேலிக்குப் பின்னால் அந்த நினைவு இருந்திருக்கலாம். 2022 ஜனவரியில் பெரிய கடைகளில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை அனுமதித்தபோது, சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். திட்டம் கிடப்பில் போனது. விவசாயிக்கு உதவி என்று ஒரு பக்கமும் குடியை வளர்ப்பது என்று மறுபக்கமும் சொன்னதில் இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

கங்காபூர் அணைப் பக்கம் நாங்கள் போன ஒயினரியில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். வித்தியாசம் உடனே தெரிந்தது. இங்கே கொடிகள் கம்பிகளில் நிமிர்ந்து, இலைச் சுவர்களாக நின்றன. காய் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை. வாயில் போட்டால் சாப்பிடும் திராட்சையைவிட இனிப்பு அதிகம் என்பது பலருக்கும் ஆச்சரியம். அந்தச் சர்க்கரைதான் ஈஸ்ட்டின் தீனி. சூடு ஏறுவதற்கு முன் விடிகாலையிலேயே வெட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கறுப்புத் திராட்சையின் சாறுகூட நிறமற்றதுதான். தோலோடு ஊறினால் சிவப்பு ஒயின், சாற்றைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் ரோஸே.

சுவைக்கும் மேசையில் ஐந்தாறு சிறு ஊற்றல்கள். கோப்பையைச் சாய்த்து நிறம் பார், சுழற்று, முகர், பிறகு ஒரு மிடறு என்று இளைஞர் ஒருவர் பாடம் நடத்தினார். செனின் பிளாங்க் மென்மையாக இருந்தது. சாவிஞோன் பிளாங்க் வந்ததும் அவர் ஏதேதோ வெளிநாட்டுப் பழங்களின் பெயரைச் சொன்னார். குடிக்காத நண்பர் என் கோப்பையை வாங்கி முகர்ந்துவிட்டு, “குடமிளகாய்” என்றார். இளைஞர் ஒரு கணம் விழித்து, பிறகு கைகொடுத்தார். குடமிளகாயின் பச்சை வாசனைக்குக் காரணமான அதே பைரஸீன் வகைச் சேர்மங்கள் இந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. ஷிராஸ் எனக்குப் பிடித்தது, மிளகு தட்டிய மணம். ரோஸே குளிர்ச்சியைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

கட்டடத்தை இத்தாலி போலவும் சாப்பாட்டை நேப்பிள்ஸ் போலவும் காட்ட எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சம் அதிகம். மராத்திப் பலகாரம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. செல்ஃபி எடுக்க நின்ற வரிசை, சுவைக்க நின்ற வரிசையைவிட நீளம். கரிசல் மண்ணில் கத்தரிக்கோலால் ஒரு பருவத்தையே உண்டாக்கிய ஊர், இன்னொரு நாட்டின் சாயலுக்கு ஏன் ஏங்க வேண்டும் என்று தோன்றியது.

மாலை அணை நீரோரம் உட்கார்ந்தோம். மேற்கே திரிம்பகத்துப் பிரம்மகிரி. கோதாவரி பிறப்பது அங்கே. அரபிக்கடல் அங்கிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் ஆறு அதற்கு முதுகு காட்டி 1,465 கிலோமீட்டர் கிழக்கே நடந்து வங்கக் கடலில் கலக்கிறது. காலையில் பார்த்த வாத்துக்கும் செய்தித்தாள் சுற்றிய கொத்துகளுக்கும் கோப்பையில் இருந்ததற்கும் தண்ணீர் கொடுப்பது இந்தப் படுகைதான். பிரம்மகிரியையும், உலகில் வேறெங்கும் இல்லாத செரோபெஜியா அஞ்சனேரிகா என்ற செடி பூக்கும் அஞ்சனேரியையும் நாங்கள் தொடவில்லை. அவற்றுக்குத் தனியாக, மழைக்காலத்தில் ஒரு நாள் வேண்டும். சோமேஷ்வர் அருவியும் அப்போதுதான் அருவி.

போக நினைப்பவர்கள் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் போங்கள், வெட்டு நடக்கும் காலம் அது. சனி, ஞாயிறு வேண்டாம். பறவையை முதலிலும் ஒயினைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்; வண்டி ஓட்டுகிறவர் கோப்பையைத் தொடக் கூடாது. வீட்டுக்குத் திராட்சை வாங்குவதானால் ஒயினரிக் கடையில் வாங்காதீர்கள். பிம்பள்காவ் சாலையோரக் கூடையில் வாங்குங்கள், பழமும் புதிது, விலையும் குறைவு.